கொழுந்தின் பின்னால் போங்கள்: கோத்தகிரியில் இருந்தபடியே ஷிசுவோகாவைப் படிக்க ஒரு வழி

ஒரு சார்ட் பேப்பரை நெடுக்காக வையுங்கள். மேல் ஓரம் மலை, கீழ் ஓரம் கடல். நடுவில் மேலிருந்து கீழே ஒரு கோடு இழுங்கள். அது அபே ஆறு. கடலுக்குச் சற்று மேலே இடமிருந்து வலமாக இன்னொரு கோடு. அது டோக்காய்டோ என்கிற பழைய நெடுஞ்சாலை. இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு வட்டம் போட்டால் அதுதான் ஷிசுவோகா நகரம் பிறந்த இடம். வலப்பக்கம் கடலோரத்தில் இன்னொரு வட்டம் போட்டு 'ஷிமிசு துறைமுகம்' என்று எழுதுங்கள். அடிப்படை இவ்வளவுதான். இனிமேல் படிப்பதையெல்லாம் இந்தப் படத்தின் மேலேயே குறித்துக்கொண்டு போகலாம்.

ஜப்பானுக்குப் படிக்கவும் வேலைக்கும் போகிற பிள்ளைகள் இப்போது நம் ஹட்டிகளிலும் (மலைக் கிராமங்களிலும்) இருக்கிறார்கள். பள்ளியில் புவியியல் நடத்தியவள் என்பதால் என்னிடம் வருவார்கள். "டீச்சர், ஷிசுவோகா தேயிலை ஊராமே, என்ன படிச்சிட்டுப் போகணும்?" என்று கேட்பார்கள். எங்கள் வீட்டிலும் இரண்டு ஏக்கர் தேயிலை இருக்கிறது. ஆகவே இந்தக் கேள்வி எனக்கு வெறும் பாடம் இல்லை. நான் சொல்வது இதுதான்: தேயிலை என்று தலைப்புப் போட்டுத் தனியாகப் படிக்காதீர்கள். ஒரு கொழுந்து செடியை விட்டுக் கிளம்பிக் கப்பல் ஏறுகிற வரை அதன் பின்னாலேயே போங்கள். மண், தண்ணீர், அரசியல், விலை எல்லாம் அந்த வழியிலேயே எதிர்ப்படும்.

மாகாணம் வேறு, மாநகரம் வேறு

கிளம்பும் முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். ஷிசுவோகா என்ற பெயரில் ஒரு மாகாணம் இருக்கிறது. அதன் தலைநகரமான மாநகரமும் அதே பெயரில் இருக்கிறது. தேடினால் கிடைக்கும் தேயிலைக் கணக்குகளில் பெரும்பாலானவை மாகாணத்தின் கணக்கு. ஃபூஜி மலை மாநகர எல்லைக்குள் இல்லை. காலண்டர் படங்களில் பார்க்கும் மக்கினோஹாரா தேயிலை மேட்டுநிலம் ஓய் ஆற்றுக்கு மேற்கே, மாநகருக்கு வெளியே இருக்கிறது. 2009இல் திறந்த விமான நிலையமும் அந்தப் பக்கம்தான். மாகாணத்தில் ஆள்தொகை அதிகமுள்ள ஊர் ஹமமாட்சு, தலைநகரம் இரண்டாவது. நீலகிரி மாவட்டக் கணக்கை எடுத்து ஊட்டி டவுன் கணக்கு என்று எழுதினால் எப்படித் தப்பாகுமோ, அதே தப்பு இங்கேயும் சுலபமாக நடக்கும்.

மலையில் ஆரம்பியுங்கள்

ஷிசுவோகா மாநகரத்தின் பரப்பு சுமார் 1,400 சதுர கிலோமீட்டர். 2020 கணக்கெடுப்பில் மக்கள் 6.93 லட்சம். நம் மாவட்டத்தின் பரப்பு சுமார் 2,500 சதுர கிலோமீட்டர், 2011 கணக்கெடுப்பில் மக்கள் 7.35 லட்சம். ஆள் எண்ணிக்கையில் கிட்டத்தட்ட நீலகிரி முழுவதையும் ஒரு மாநகராட்சி என்று அறிவித்தது போல ஒரு ஊர் அது. ஆனால் ஆட்கள் பரவியிருக்கும் விதம் வேறு. அங்கே முக்கால் பங்கு நிலம் காடும் மலையும். மக்களில் பெரும்பாலோர் கடலோரச் சமவெளியில் நெருங்கி வாழ்கிறார்கள். அவோய், சுருகா, ஷிமிசு என்று மூன்று நிர்வாக வட்டங்கள். வடக்கே உள்ள மலைப்பகுதி கிட்டத்தட்ட முழுவதும் அவோய் வட்டத்தில் அடங்கும்.

வடக்கு எல்லையில் நிற்கும் ஐனோடாக்கே சிகரத்தின் உயரம் 3,190 மீட்டர். நம் தொட்டபெட்டா 2,637. தெற்கே சுருகா வளைகுடா. ஜப்பானின் மிக ஆழமான வளைகுடா அதுதான், ஆழம் சுமார் 2,500 மீட்டர். மூவாயிரம் மீட்டர் மலையும் இரண்டாயிரத்து ஐந்நூறு மீட்டர் கடலாழமும் இவ்வளவு பக்கத்தில் இருக்கின்றன என்பதை உங்கள் படத்தில் பெரிய எழுத்தில் எழுதுங்கள். இந்த ஊரின் பல குணங்களுக்கு இதுதான் காரணம்.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. ஜப்பான் அரசின் புவியியல் தகவல் ஆணையம் சமஉயரக் கோடுகளோடு நாடு முழுவதற்குமான வரைபடத்தை இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது. அதில் இரண்டு புள்ளிகளைத் தொட்டால் இடையிலுள்ள நிலத்தின் குறுக்குவெட்டை வரைந்து காட்டும். அபே ஆற்றின் தலையில் ஒரு புள்ளி, கடலில் ஒரு புள்ளி வைத்துப் பாருங்கள். சுமார் ஐம்பது கிலோமீட்டரில் ஆறு மலையிலிருந்து கடலுக்கு இறங்கிவிடுகிறது. இவ்வளவு செங்குத்தான ஆறு சும்மா தண்ணீரை மட்டும் கொண்டுவராது. கல்லும் சரளையும் சேர்த்து இழுத்து வரும். அந்தச் சரளை படிந்து உண்டான விசிறி வடிவச் சமவெளியின் மேல்தான் நகரம் நிற்கிறது.

ஆற்றின் தலையில் ஓயா என்ற இடத்தில் ஒரு பெரிய மலைச்சரிவு இருக்கிறது. 1707இல் வந்த ஹோயெய் நிலநடுக்கத்தில் மலையின் ஒரு பக்கமே இறங்கியது. இத்தோய்காவா–ஷிசுவோகா பிளவுக்கோடு என்று புவியியலில் புகழ்பெற்ற பிளவும் இந்த ஊர் வழியாகத்தான் போகிறது. பாறைகள் நொறுங்கிக் கிடப்பதற்கு அது ஒரு காரணம். 2009 நவம்பரில் கேத்தியிலும் குன்னூர் பக்கமும் மண் இறங்கியதைப் பார்த்தவர்களுக்கு மலை இறங்குவது என்றால் என்னவென்று தெரியும். அங்கே அந்தப் பயம் நிலநடுக்கத்தோடு சேர்ந்து வருகிறது. அவர்களுடைய பள்ளிக்கூடம், பாலம், சாலை எதைப் பார்த்தாலும் இந்தப் பயம் எங்கே தெரிகிறது என்று கவனியுங்கள்.

செடியும் பட்டறையும்

இப்போது கொழுந்துக்கு வரலாம். அபே ஆற்றுக்கும் அதில் வந்து சேரும் வராஷினா ஆற்றுக்கும் மேலே உள்ள பள்ளத்தாக்குகளில் விளையும் தேயிலைக்கு ஹொன்யாமா என்று பெயர். காலையில் மூடுபனி, செங்குத்தான சரிவு, சின்னச் சின்னத் தோட்டங்கள். நம் ஆட்களுக்குப் பார்த்ததும் பழகிய இடமாகத் தோன்றும். 1241இல் சீனாவில் இருந்து திரும்பிய ஷோய்ச்சி கொக்குஷி என்ற புத்தத் துறவி விதை கொண்டுவந்து அஷிக்குபோ கிராமத்தில் போட்டார் என்பது அந்தப் பள்ளத்தாக்கு தலைமுறை தலைமுறையாகச் சொல்லும் கதை.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. நாம் பூமத்திய ரேகைக்குப் பதினோரு பாகை வடக்கே இருக்கிறோம். அவர்கள் முப்பத்தைந்து பாகையில். நம் செடி மழைக்கும் பனிக்கும் ஏற்றக் குறைச்சலோடு ஆண்டு முழுக்கக் கொழுந்து விடுகிறது. அங்கே குளிர்காலம் முழுக்கச் செடி தூங்கும். ஏப்ரல் கடைசியில் வரும் முதல் கொழுந்தில்தான் வருடத்தின் வருமானத்தில் பெரும்பங்கு. அந்தச் சில வாரத்தில் உறைபனி விழுந்துவிட்டால் போச்சு. அதனால் தோட்டத்தில் கம்பம் நட்டு உச்சியில் காற்றாடி வைத்திருப்பார்கள். மேலே தங்கியிருக்கும் வெதுவெதுப்பான காற்றைச் செடி மேல் தள்ளுவதற்கு அது. டிசம்பரில் தழை போட்டுச் செடியை மூடும் நம் ஆட்கள் இந்தக் கம்பங்களைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

பறித்த இலையை அவர்கள் வாடவிடுவதில்லை. உடனே ஆவியில் வைத்துவிடுகிறார்கள். நம் பேக்டரியில் இலையை வாட்டி, நசுக்கி, காற்றுப் படவிட்டுக் கறுப்பாக்குகிறோம். அங்கே ஆவி அந்த வேலையை ஆரம்பத்திலேயே நிறுத்திவிடுவதால் இலை பச்சையாக நிற்கிறது. பிறகு உருட்டி, காயவைத்து, ஊசி மாதிரி ஆக்குவார்கள். இந்தக் கட்டத்துத் தேயிலைக்கு அராச்சா என்று பெயர். நகரத்து வியாபாரிகள் அதை வாங்கிச் சலித்து, திரும்ப வறுத்து, கலந்து கடைச் சரக்காக்குகிறார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள், ஏனென்றால் நமக்கு உறைக்க வேண்டிய விஷயம் இங்கேதான் இருக்கிறது. ஹொன்யாமா பக்கம் பல குடும்பங்கள் தனியாகவோ கூட்டாகவோ அராச்சா பட்டறை வைத்திருக்கின்றன. சந்தைக்குப் போகும்போது அவர்கள் கையில் இருப்பது பாதி முடிந்த தேயிலை. நம் சிறு விவசாயி பறித்த பச்சை இலையை எடை போட்டு இலை வண்டியில் ஏற்றிவிடுகிறார். சாயங்காலத்துக்குள் பேக்டரிக்குப் போயாக வேண்டும், இல்லாவிட்டால் இலை கெட்டுவிடும். காத்திருக்க முடியாத சரக்கை வைத்திருப்பவரால் விலை பேச முடியாது. கூட்டுறவு பேக்டரிகள் நம்மிடமும் இருக்கின்றன. ஆனாலும் கட்டுப்படியாகும் விலை கேட்டு நாம் வருடா வருடம் தெருவில் உட்காருகிறோம். அவர்களுக்கு மட்டும் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை, அதற்குப் பிறகு வருகிறேன். உருட்டும் இயந்திரம் யாருடையது என்ற கேள்வியை மட்டும் எந்தத் தேயிலை ஊருக்குப் போனாலும் முதலில் கேளுங்கள்.

சாலை வந்த கதை

கொழுந்து மலையிறங்கி நகரத்துக்கு வந்தாயிற்று. இங்கே ஏன் ஒரு நகரம்? பதினாறாம் நூற்றாண்டில் இமாகவா குலத்தார் இங்கிருந்து ஆண்டார்கள்; அப்போது ஊருக்கு சும்பு என்று பெயர். அவர்களிடம் பிணையாக ஒரு சிறுவன் வளர்ந்தான். பின்னாளில் ஜப்பான் முழுவதையும் ஒரு குடைக்கீழ் கொண்டுவந்த டோக்குகாவா இயேயாசு அவர்தான். 1603இல் ஷோகன் (நாட்டை ஆளும் படைத்தலைவர்) ஆனார், இரண்டே வருடத்தில் மகனுக்குப் பட்டத்தைக் கொடுத்தார், 1607இல் சும்புவுக்கே திரும்பினார். பட்டம் மகனிடம், அதிகாரம் அப்பாவிடம். ஆக, 1616இல் இயேயாசு இறக்கும் வரை நாட்டின் பெரிய முடிவுகள் பல இந்த ஊரில் எடுக்கப்பட்டன. வெள்ளிக்காசு அடிக்கும் பட்டறை இங்கே இருந்தது. 1612இல் அதை எடோவுக்கு மாற்றினார்கள். இன்றைய டோக்கியோவின் கின்சா கடைவீதி அந்த இடத்தில்தான். இயேயாசுவை முதலில் அடக்கம் செய்த குனோசான் குன்றுக்குக் கடலோரத்தில் இருந்து 1,159 கல்படிகள் ஏற வேண்டும்.

எடோவையும் கியோட்டோவையும் இணைத்த டோக்காய்டோ சாலையில் 53 தங்கல் ஊர்கள் இருந்தன. அவற்றில் ஆறு இன்றைய மாநகர எல்லைக்குள் இருக்கின்றன: கன்பாரா, யூயி, ஒக்கிட்சு, எஜிரி, ஃபுச்சு, மாரிக்கோ. இதில் யூயியை மட்டும் வரைபடத்தில் பெரிதாக்கிப் பாருங்கள். மலை நேராகக் கடலில் இறங்குகிறது. இடையில் ஒரு துண்டு நிலம். 1854 நிலநடுக்கத்தில் கடலோரம் உயர்ந்த பிறகுதான் அங்கே ஒழுங்காக நடக்கவே வழி கிடைத்தது. இன்றைக்கு ரயில் பாதை, ஒன்றாம் எண் நெடுஞ்சாலை, டோமெய் விரைவுச்சாலை மூன்றும் அந்தத் துண்டில் ஒட்டிக்கொண்டு ஓடுகின்றன. பர்லியார் சாலையில் ஒரு மரம் விழுந்தால் குன்னூர் நின்றுபோவது நமக்குத் தெரியும். யூயியில் அலை ஏறினாலோ மண் சரிந்தாலோ ஜப்பானின் கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் இந்த மூன்று பாதைகளும் ஒன்றாக நின்றுபோகலாம்.

1868இல் ஷோகன் ஆட்சி கவிழ்ந்தது. டோக்குகாவா குடும்பத்தை இந்த ஊருக்கே அனுப்பினார்கள், அடுத்த வருடம் ஊரின் பெயரும் ஷிசுவோகா என்று மாறியது. அந்தக் குடும்பத்தைப் பின்தொடர்ந்து வந்த சாமுராய் போர்வீரர்களுக்குச் சம்பளம் இல்லை, வேலை இல்லை. அவர்களில் ஒரு பகுதியினர் 1869 முதல் மக்கினோஹாராவின் தரிசைத் திருத்தித் தேயிலை வைத்தார்கள். ஓய் ஆற்றில் ஆட்களைத் தோளில் தூக்கிக் கடத்திப் பிழைத்தவர்களும் அந்தத் தொழில் நின்றுபோனதும் அங்கே சேர்ந்தார்கள். மாகாணத்தின் தேயிலைப் பெருக்கத்துக்குப் பின்னால் பிழைப்புப் போனவர்களின் உழைப்பு இருக்கிறது. நம் மலையின் தேயிலைக்குப் பின்னாலும் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களை விட்டுவிட்டு எழுதும் தேயிலை வரலாற்றை நான் மாணவர்களிடம் ஏற்றுக்கொண்டதில்லை.

இரண்டு ஆண்டுகளை நினைவில் வையுங்கள்

எங்கள் மாணவர்களுக்கு ஆண்டுகள் நிற்காது. அதற்கு நீலகிரி ரயிலைப் பிடித்துக்கொள்ளுங்கள். மேட்டுப்பாளையத்தில் இருந்து குன்னூருக்கு ரயில் வந்தது 1899இல். அதே 1899இல் ஷிமிசு துறைமுகத்தை வெளிநாட்டு வணிகத்துக்குத் திறந்தார்கள். அதுவரை ஷிசுவோகா தேயிலை யோக்கோஹாமாவுக்குப் போய்த்தான் கப்பல் ஏறியது. 1906இல் ஷிமிசுவில் இருந்தே நேராக ஏற்றுமதி தொடங்கியது, பெரும்பகுதி அமெரிக்காவுக்கு.

நம் ரயில் ஊட்டிக்கு ஏறியது 1908இல். அதே 1908இல் ஷிசுவோகா நகரத்தில் இருந்து ஷிமிசுவுக்குத் தேயிலை கொண்டுபோக ஒரு சிறு ரயில் பாதை ஓட ஆரம்பித்தது. இன்றும் சுமார் பதினொரு கிலோமீட்டர் தூரத்துக்கு அந்த ஷிசுதெட்சு பாதையில் மின்ரயில் ஓடுகிறது. அதே வருடம் சுகியாமா ஹிக்கோசபுரோ என்ற விவசாயி தன் தோட்டத்தில் யபுக்கிதா என்ற தேயிலைச் செடியைத் தேர்ந்தெடுத்தார். ஜப்பானின் தேயிலைப் பரப்பில் பெரும்பகுதி இன்றும் அந்த ஒரே ரகம். தாய்மரம் ஷிசுவோகா மாகாணக் கலை அருங்காட்சியகத்துக்குப் பக்கத்தில் இன்னும் நிற்கிறது. குளோன் நாற்று (ஒரே தாய்ச்செடியின் தண்டில் இருந்து வளர்த்த நாற்று) வாங்கி நட்ட யாரும் அந்த மரத்தைப் பார்க்காமல் திரும்பக் கூடாது.

நகரத்தில் விலை எங்கே முடிவாகிறது என்று கேட்டால், 1956இல் தொடங்கிய தேயிலைச் சந்தையைச் சொல்வார்கள். குன்னூர் ஏல மையம் 1963இல் வந்தது. அங்கே வாங்குபவரும் விற்பவரும் நடுவில் ஒரு சந்தைக்காரரோடு நேருக்கு நேர் நின்று, இலையைத் தட்டில் பரப்பி, முகர்ந்து, வெந்நீர் ஊற்றிப் பார்த்து, விலை படிந்ததும் மூவரும் சேர்ந்து கை தட்டுவார்கள். ஏப்ரலில் வருடத்தின் முதல் விற்பனை பெரிய விசேஷம்.

தேயிலை தவிர வேறென்ன

அபே ஆற்றின் மேலே உதோகி என்ற கிராமத்தில் சுமார் நானூறு வருடங்களுக்கு முன் வசாபி என்ற காரக் கிழங்கைப் பயிர்செய்ய ஆரம்பித்தார்கள். குளிர்ந்த ஊற்றுநீர் ஓடும் கல்பாத்திகளில் அது வளரும். குனோசான் அடிவாரக் கடலோரத்தில் கல்சுவர் கட்டி, வெயிலில் சூடேறிய கல்லின் கதகதப்பில் குளிர்காலத்திலேயே ஸ்ட்ராபெரி பழுக்கவைக்கிறார்கள். நம் மலையில் ஸ்ட்ராபெரி போடுபவர்கள் அந்தச் சுவரைப் படம் எடுத்துக்கொண்டு வாருங்கள். யூயியில் சகுரா எபி என்ற இளஞ்சிவப்புக் குட்டி இறால் பிடிக்கிறார்கள். ஷிமிசுவில் உறைந்த சூரை மீன் வந்து இறங்குவது நாட்டிலேயே மிக அதிகம். சூரையை டப்பாவில் அடைக்கும் தொழிலும் 1930 வாக்கில் அங்கே வேரூன்றியது.

மரவேலை தனிக் கதை. கோயில்கள் கட்ட வந்த தச்சர்களும் அரக்குப் பூசுபவர்களும் இங்கேயே தங்கிவிட்டார்கள் என்பது ஊர்ப் பேச்சு. அவர்களுக்குப் பின் மரச்சாமான், செருப்பு, பொம்மை என்று தொழில் வளர்ந்தது. 1946இல் மர வியாபாரமாக ஆரம்பித்த தமியா நிறுவனம் கூட்டிச் செய்யும் மர மாதிரிப் பொம்மைகளில் இருந்து 1960களில் பிளாஸ்டிக் மாதிரிகளுக்கு மாறியது. இன்று ஜப்பானின் பிளாஸ்டிக் மாதிரிகளில் பெரும்பங்கு இந்த நகரத்தில் உருவாகிறது. தேயிலை சரிந்தபோதும் ஊர் சரியாமல் நின்றதற்கு இந்தப் பக்கத்துத் தொழில்களே காரணம் என்பது என் எண்ணம். நம் மலையில் தேயிலைக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று யோசிக்கும்போது எனக்குக் கவலையாக இருக்கிறது.

தேயிலை சரிந்தது உண்மை. 2024இல் அராச்சா உற்பத்தியில் ககோஷிமா மாகாணம் ஷிசுவோகாவை முந்தி முதலிடத்துக்கு வந்தது. ககோஷிமாவில் சமநிலம், பெரிய இயந்திரம் ஓடும். ஷிசுவோகாவின் மலைத்தோட்டத்தில் ஓடாது. விவசாயிகளுக்கு வயதாகிவிட்டது, பிள்ளைகள் டோக்கியோவுக்குப் போய்விட்டார்கள், வீட்டில் இலை போட்டு டீ வைக்கும் பழக்கம் குறைந்து பாட்டில் டீ வந்துவிட்டது. பட்டறை சொந்தமாக இருந்தும் இந்த நிலை. கைவிட்ட தோட்டங்களை அங்கே பார்ப்பீர்கள்.

போய் இறங்கியதும்

டோக்கியோவில் இருந்து ஷின்கான்சென் ரயிலில் போகும்போது நொசோமி வண்டியில் ஏறாதீர்கள். அது ஷிசுவோகாவில் நிற்காது. ஹிக்காரி என்றால் சுமார் ஒரு மணி நேரம், கொடாமா என்றால் ஒன்றரை. இறங்கிய அன்று சும்பு கோட்டை அகழியைச் சுற்றி நடந்து, மாகாண அலுவலகம் அகழிக்குள்ளேயே இருப்பதைப் பாருங்கள். மறுநாள் ஷிசுதெட்சு ரயிலில் ஷிமிசு வரை போய்த் துறைமுகத்தைப் பாருங்கள். அதற்கடுத்த நாள் அபே ஆற்றோரமாக மலைக்குப் போகும் பேருந்தில், ஆற்றுப்பக்க ஜன்னலில் உட்காருங்கள். சார்ட் பேப்பரில் வரைந்ததைக் கீழிருந்து மேலாகத் திருப்பிப் படித்தது போல ஆகும்.

தோட்டக்காரர்களைப் பார்க்க ஏப்ரல் கடைசியிலும் மே முதல் பாதியிலும் போகாதீர்கள். முதல் கொழுந்து நேரத்தில் அவர்களுக்குத் தூங்கவே நேரம் இருக்காது. ஜூன் கடைசி என்றால் மழையாக இருக்கும், இலையுதிர் காலம் நல்லது. கையில் நம் தேயிலை அரைக் கிலோ எடுத்துப் போங்கள், நல்ல ஆர்த்தடாக்ஸ் (நசுக்காமல் உருட்டிச் செய்த) இலையாக. கேட்க வேண்டிய கேள்விகளை முன்னாலேயே ஜப்பானிய மொழியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: பட்டறை யாருடையது, எத்தனை குடும்பம் சேர்ந்து நடத்துகிறது, பழுது பார்க்கும் செலவை எப்படிப் பிரிக்கிறீர்கள், போன வருடம் முதல் கொழுந்துக்கும் இரண்டாம் கொழுந்துக்கும் என்ன விலை, உங்களுக்குப் பிறகு தோட்டத்தை யார் பார்ப்பார்கள். பதிலை அன்று ராத்திரியே தேதி போட்டு எழுதிவிடுங்கள், விலையை யென்னிலேயே குறியுங்கள், ரூபாய்க்கு மாற்றுவதை ஊருக்கு வந்து செய்துகொள்ளலாம்.